ஃபில்லிஸ் வீட்டில் இருப்பவள்

க்வெயில் பெண்ட் குடியிருப்பின் பொதுவீட்டுச் சமையலறையில் ரோவீனா பூசணிக்காயின் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. புதன்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாள். அன்று சமையல் அவளுடைய முறை. அடுப்பில் இருந்த பெரிய பாத்திரத்தில் வெங்காயம் வெண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தது. ஓவனிலிருந்து சோள ரொட்டியின் வாசனை வரத் தொடங்கியிருந்தது. தட்டுகளை எடுத்துப்போக வந்த லியோனியுடன் அவளுடைய அக்காவும் வந்திருந்தாள், போர்ட்லண்டிலிருந்து வந்து தங்கியிருப்பவள். அது யாரு என்று அக்கா கேட்டாள். "அவங்களா? ஃபில்லிஸ் வீட்ல இருக்கறவங்க" என்றாள் லியோனி. "ஏன், அவங்களுக்குப் பேர் கிடையாதா?" என்று அக்கா கேட்டாள்.

அக்கா அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் லியோனியின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. ரோவீனா திரும்பிப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லி, கை ஈரமாக இருந்ததால் முழங்கையை நீட்டினாள். அக்காவும் சிரித்துக்கொண்டே தன் முழங்கையால் அதைத் தட்டினாள். அத்தோடு முடிந்தது என்றுதான் ரோவீனா நினைத்தாள். உண்மையில் அவளுக்குப் பெரிதாக வலிக்கவும் இல்லை. அந்தப் பெயருக்கு அவள் பழகிப்போயிருந்தாள். தபால்காரர்கூட அவளை அப்படித்தான் குறிப்பிடுவார். அவள் இருந்தது ஃபில்லிஸ் வீட்டில்தான், பொய்யா என்ன? லியோனிதான் சாப்பாடு முழுவதும் தலைகுனிந்தபடி சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், ஏதோ அதற்குள் விழுந்துவிட்டதைத் தேடுவதுபோல.

அந்த வாரக் கடைசியில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் அடுத்த கூட்டத்துக்கான விஷயம் எழுதப்பட்டிருந்தது. 'வாடகைக்கு இருப்பவர்களை முழு உறுப்பினர்களாக ஏற்பது. முன்மொழிவது: லியோனி.' வேலையிலிருந்து திரும்பிய ரோவீனா, கையில் மளிகைப் பையோடு அதன் முன்னால் நின்றாள். மன்னிப்பு என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக இந்தப் பெண் ஒரு தீர்மானத்தையே கொண்டுவந்திருக்கிறாளே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே லேசான பயமும் வந்தது. தன்னைப் பற்றி இத்தனை பேர் உட்கார்ந்து பேசப்போகிறார்கள்.

க்வெயில் பெண்டில் வீடுகள் ஓடையை ஒட்டி இரண்டு வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு நடைபாதை. கார்கள் எல்லாம் முன்வாசலோடு சரி. அங்கிருந்து எதையும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலும் பாதையைப் பார்த்தபடி இருக்கும். யார் என்ன வாங்கிவந்தார்கள், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டே வருகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ரோவீனா விவாகரத்துக்குப் பிறகு பாய்ஸியிலிருந்து கிளம்பி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவள். ஊரிலுள்ள கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதே சமயம் டூசானில் நோயில் விழுந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள ஃபில்லிஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீடு வாடகைக்குக் கிடைத்தது. வந்த முதல் வருடம் மழை விடவே இல்லை, கூரைகளில் பாசி தடித்துக்கொண்டே போயிற்று, அவளும் யாரோடும் அதிகம் பேசவில்லை. பிறகு எப்போது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் பழகிவிட்டது. புதன்கிழமைச் சமையலில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மற்றவர்களோடு குனிந்து களை பிடுங்கினாள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். கூட்டத்தில் மட்டும் அவள் ஜன்னலோரப் பெஞ்சில், மற்ற வாடகைக்காரர்களோடு உட்காருவாள். கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம். கையில் அட்டைகள் கிடையாது.

அட்டைகள்தான் அங்கே எல்லாம். பச்சை என்றால் சம்மதம். மஞ்சள் என்றால் ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் தடை இல்லை. சிவப்பு என்றால் முடியாது. ஒரே ஒருவர் சிவப்பைத் தூக்கினாலும் விஷயம் நின்றுவிடும். அதனால் யாரும் அதைச் சுலபத்தில் தூக்குவதில்லை. சில வீடுகளில் சிவப்பு அட்டை எங்கே போயிற்று என்றே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கும்போது, கூட்டத்தை நடத்தும் டோபியாஸ் சங்கடத்தோடு பெஞ்சின் பக்கம் வந்தார். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் அவர், யாரிடமும் கடுமையாகப் பேசத் தெரியாதவர். இந்த விஷயத்தை எல்லோரும் மனம்விட்டுப் பேச வேண்டும், அதனால் வாடகைக்காரர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது என்று சிலர் நினைப்பதாக, தன் காலணியைப் பார்த்தபடி சொன்னார். ரோவீனா எழுந்தாள். இளம் ஜோடியான கேலப்பும் மின்னும் எழுந்தார்கள். அவர்களும் வாடகைக்காரர்கள். குழந்தைகளின் விளையாட்டு அறைக்குப் போனார்கள். அங்கே கூட்டத்துக்கு வந்தவர்களின் குழந்தைகள் எல்லாம் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மின் ஒரு பயலின் மூக்கைத் துடைத்துவிட்டபடி, "நம்மள நம்பலாமா வேண்டாமான்னு அங்க பேசறாங்க. புள்ளைங்கள நம்மகிட்ட விட்டுட்டு" என்றாள். கேலப் அடக்க முடியாமல் சிரித்ததில் ஒரு கட்டைக் கோபுரம் சரிந்தது. அதைக் கட்டிய குழந்தை அழுதது. மூவருமாக மறுபடி கட்டிக் கொடுத்தார்கள்.

கண்ணாடிக் கதவு வழியாகக் கூடம் தெரியும், குரல் வராது. வாய்கள் அசைவதையும் தலைகள் ஆடுவதையும் ரோவீனா பார்த்தாள். பிறகு அட்டைகள் எழுந்தன. ஒரே பச்சை, மழைக்குப் பிறகு புல் முளைத்ததுபோல. நடுநடுவே கொஞ்சம் மஞ்சள். கடைசி வரிசையில், சுவரோரமாக, ஒரு சிவப்பு. ஆல்டனுடைய கை அது. அவர் பக்கத்தில் அவருடைய மனைவி பெர்னிஸ் பச்சையைப் பிடித்துக்கொண்டு, கணவரின் கையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள்.

ஆல்டனையும் பெர்னிஸையும் தெரியாமல் க்வெயில் பெண்டில் யாரும் இருக்க முடியாது. இது வெறும் ஹேசல் கொட்டை மரத் தோப்பாக இருந்த காலத்தில் இங்கே நின்று, இப்படி ஒன்று வர வேண்டும் என்று முதலில் நினைத்தவர்கள் அவர்கள். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் வருடக்கணக்கில் கூட்டம் போட்டு, சண்டை போட்டு, பாதிப்பேர் விலகிப்போய், மீதிப்பேரோடு கட்டினார்கள். ஆல்டன் எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, நடக்கும்போது எதையோ அளந்துகொண்டே போவதுபோல இருக்கும். ரோவீனாவைப் பாதையில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். பனி விழுந்த நாட்களில் அவள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். அவர் ஏன் சிவப்பைத் தூக்கினார் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததுதான் அவளை உறுத்தியது.

சிவப்பைத் தூக்கினால் அத்தோடு வீட்டுக்குப் போய்விட முடியாது. அது அங்குள்ள பழைய விதி, ஆல்டனே முன்நின்று எழுதியது. யாரை அந்த முடிவு தொடுகிறதோ அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். காரணம் அவர்களுக்கு விளங்கும்வரை, அல்லது அந்தக் காரணம் கரையும்வரை. அடுத்த செவ்வாய்க்கிழமை ரோவீனாவுக்கு விடுமுறை. மதியம் கதவு தட்டப்பட்டது. ஆல்டன் மேரியன்பெர்ரிப் பழப் பலகாரம் பாதியை ஒரு தட்டில் வைத்து, மேலே துணி மூடி, மழையில் நின்றிருந்தார்.

"பெர்னிஸ் கொடுத்தா. வெறுங்கையோட போய் நிக்காதே கிழவான்னா."

உள்ளே வரச் சொன்னாள். காபி போட்டாள். பலகாரம் நன்றாக இருந்தது, அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாரு, உன்மேல எனக்கு ஒண்ணும் கிடையாது."

"தெரியும்."

"நீ வைக்கற சூப் எனக்குப் பிடிக்கும்."

"சரி."

அவர் இந்த வீடுகளைக் கட்டிய காலத்துக் கதைகளைச் சொன்னார். சேறு, வங்கி, ஓடையில் வெள்ளம் வந்து அஸ்திவாரக் குழிகள் நிறைந்த வருடம். அந்தக் கஷ்டத்தில் கூட இருந்தவர்களோடு ஒரு பிணைப்பு வந்துவிட்டது என்றார். ஆனால் அவரோடு குழி தோண்டியவர்களில் பலர் இப்போது இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின் வந்தவர்கள், ஒரு குழியும் தோண்டாதவர்கள், வாங்கிய அன்றைக்கே அட்டைகளைப் பெற்றுக்கொண்டார்கள். ரோவீனா அதைச் சொன்னாள், சண்டைக்காக இல்லாமல், சும்மா நினைவூட்டுவதுபோல. அவர் ஒத்துக்கொண்டார். அப்படியானால் அது காரணம் இல்லை என்று அவரே சொல்லி, வேறு காரணத்தைத் தேடுவதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

சுவர் முழுக்க ஃபில்லிஸின் படங்கள். ஃபில்லிஸின் பேரப்பிள்ளைகள், ஃபில்லிஸ் மீன் பிடித்த ஏரி, ஃபில்லிஸின் தேவாலயப் பாடற்குழு. அவற்றுக்கு நடுவே ரோவீனா இத்தனை காலமாகச் சாப்பிட்டு, தூங்கி, தொலைக்காட்சி பார்த்து வந்தாள். ஆல்டன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "உன்னோடது எங்க?" என்றார்.

"ஆணி அடிக்கல. என் சுவர் இல்லையே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணியை மறந்துவிட்டுப் போனார். ரோவீனாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் தன் மனதைத் தானே திறக்கத் தெரியாமல் தவித்ததைப் பார்த்தது ஒருவிதத்தில் பிடித்துக்கூட இருந்தது. ஆனால் தனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது என்பது அவர் போன பிறகுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. உறுப்பினராக வேண்டும் என்று அவள் எப்போதாவது ஆசைப்பட்டாளா? பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. மரத்தை வெட்டலாமா, நாயைக் கூடத்துக்குள் விடலாமா, கழிவுநீர்க் குழாயை யார் பார்ப்பது என்று மற்றவர்கள் மாய்ந்துபோகும்போது, நமக்கென்ன என்று தேநீர் குடிக்கலாம். பாய்ஸியில் கல்யாண வாழ்க்கையின் கடைசி வருடங்களில் வீட்டிலும் அவள் அப்படித்தான் இருந்தாள், ஜன்னலோரமாக, நமக்கென்ன என்று. அந்த நினைவு வந்ததும் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.

இரண்டாம் முறை அவர் சலவை அறையில் வந்து பிடித்தார். அவள் பொது இயந்திரத்திலிருந்து துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மடிக்க மடிக்கப் பேச்சு தானாக வந்தது. டெஸ்மண்டை நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நான்காம் வீட்டில் வாடகைக்கு இருந்தவன், இரட்டைப் பெண்குழந்தைகளைத் தனியாக வளர்த்தவன். அந்தப் பெண்கள் சனிக்கிழமை காலைகளில் ஆல்டன் வீட்டில்தான் பான்கேக் சாப்பிடுவார்கள். பெர்னிஸ் அவர்களுக்கென்று குட்டியாக ஒரு தோசைக்கல்லே வாங்கியிருந்தாள். ஒருமுறை ஆல்டனும் பெர்னிஸும் மகனைப் பார்க்க டென்வர் போய்விட்டு வந்தார்கள். நான்காம் வீடு காலியாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லல. பெர்னிஸ் ஒரு மாசம் அந்தக் கல்லை அடுப்பு மேலேயே வச்சிருந்தா." துண்டின் முனைகளைச் சேர்த்து நீவினார். "வாடகைக்கு வர்றவங்க போயிடுவாங்க ரோவீனா. தெரிஞ்சே மறுபடி மறுபடி எதுக்குப் பாசம் வைக்கணும்? அதுதான் என் காரணம். நல்ல காரணம்னு நான் சொல்லல."

ரோவீனா மடிப்பதை நிறுத்தினாள். டெஸ்மண்ட் போவதற்கு முன்பு இதே அறையில், இதே மேசைமேல் சாய்ந்து நின்று அவளிடம் பேசியிருந்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதால் அவள் சொன்னதில்லை. இனி சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் இருப்பதுதான் இப்போது தப்பு.

"அவன் போகல ஆல்டன். அனுப்பிட்டாங்க. வீட்டை வித்துட்டாங்கன்னு அவனுக்கு ஃபோன் வந்துச்சு. சீக்கிரம் காலி பண்ணச் சொன்னாங்க. கூட்டத்துல சொல்லேன்னு நான் சொன்னேன். அதுக்கு அவன், அது அவங்க கூட்டம், என் கதைய அங்க எப்படி வைக்கறதுன்னான்."

"எனக்குத் தெரியாதே. அவன் போனதுக்கப்புறம்தான் வீட்டை வித்தாங்கன்னு நினைச்சேன்."

"உங்களுக்குத் தெரியறதுக்கு வழி இல்ல. அதத்தான் சொல்றேன். நீங்க ஊர்ல இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. பாதையில எல்லாரும் பார்ப்பாங்கன்னு, எல்லாரும் வேலைக்குப் போன நேரமாப் பார்த்து சாமானை வண்டியில தள்ளிட்டுப் போனான். நான்தான் கூடத் தள்ளினேன்."

ஆல்டன் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். உள்ளே யாருடைய துணியோ சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். யூஜினில் என்று சொன்னாள், டெஸ்மண்டின் எண் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டு போனார். அவர் அழைத்தாரா, என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரச் சனிக்கிழமை ஆல்டனின் கார் காலையிலேயே கிளம்பிப் போயிற்று. பெர்னிஸ் மடியில் ஏதோ கனமாக, துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆல்டன் வேறு ஆளாகிவிட்டார். தீர்மானத்தைத் தானே திருத்தி எழுத ஆரம்பித்தார். எழுதியதைத் தூக்கிக்கொண்டு லியோனி வீட்டுக்கும் ரோவீனா வீட்டுக்கும் நடந்தார். உறுப்பினர் என்பது ஆளைப் பொறுத்தது, வீட்டைப் பொறுத்தது இல்லை என்று முதல் வரியிலேயே போட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் விற்பதானாலும் திரும்பி வருவதானாலும் கூட்டத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும், வாடகைக்காரருக்கு அடுத்த இடம் தேடுவது எல்லோருடைய வேலை என்றும் போட்டார். ஒரு சொல்லுக்காக மத்தியானம் முழுக்க வாதாடினார். பெர்னிஸ் பாதையில் நின்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்: "சிவப்பைத் தூக்கின ஆளு, இப்ப பச்சைக்கு வக்கீல். வீட்டுல என்னால தூங்க முடியல, படுக்கையிலயும் விதி சொல்றான்." லியோனி தன் தீர்மானம் தன் கையைவிட்டுப் போய்விட்டதே என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

இந்த நேரத்தில்தான் ஃபில்லிஸ் அழைத்தாள். தங்கைக்குத் தேவலையாகிவிட்டது, எழுந்து நடமாடுகிறாள், மருமகன் வீட்டோடு போய்விட்டாள். "இங்க மழையே இல்ல ரோவீனா. என் தோலெல்லாம் உரியுது. ஜூன்ல வீட்டுக்கு வந்துடலாம்னு பார்க்கறேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும், அதான் சீக்கிரமே சொல்றேன்" என்றாள். குரலில் சந்தோஷமும் குற்ற உணர்வும் கலந்து இருந்தன. ரோவீனா நல்லபடியாகத்தான் பேசினாள். தங்கை பிழைத்ததில் அவளுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஃபோனை வைத்த பிறகு ஓடையின் சத்தம் கேட்டது.

மறுநாள் மருத்துவமனையில் நாய்த்தீனி வந்த அட்டைப்பெட்டிகளை மடக்கிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டாள். இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. கை தானாக அதைச் செய்தது. ஆனால் முன்வாசலில் காரை நிறுத்தியதும் அவற்றை எடுக்க முடியவில்லை. கைவண்டியில் வைத்துத் தள்ளினால் எல்லா ஜன்னல்களும் பார்க்கும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டாள். அடுத்த நாளும் விட்டாள். டெஸ்மண்ட் ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்பது அவளுக்கு இப்போது முழுசாகப் புரிந்தது. அவன் வெட்கப்பட்டான். தப்பு எதுவும் செய்யாமலேயே, பிடித்த இடத்திலிருந்து போகச் சொல்லும்போது ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆல்டன் திருத்திய வரியைக் காட்ட வந்தபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்து, பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். சொல்லாமல் இருந்தால் அவளுக்கு லாபம்கூட: தீர்மானம் நிறைவேறிவிடும், அப்புறம் அவளை யார் என்ன செய்ய முடியும்? அந்த யோசனை வந்தபோதுதான், சொல்லியே ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். சின்ன ஏமாற்றில் தொடங்கி ஒரு குடும்பத்துக்குள் நுழைய அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் வாடகைக்காரர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆல்டன் முன்கூட்டியே போய் ஜன்னலோரப் பெஞ்சைத் தூக்கி நடைவழியில் போட்டுவிட்டு, வட்டத்தில் மூன்று நாற்காலிகளைச் சேர்த்திருந்தார். மின் உட்கார்ந்ததும் கேலப்பின் காதில் ஏதோ சொன்னாள். குழந்தைகளை இன்றைக்கு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருப்பாள். லியோனி தீர்மானத்தைப் படித்தாள். ஒன்றிரண்டு கேள்விகள் வந்தன, ஆல்டன் பதில் சொன்னார். அட்டைக்கு முன்னால் யாராவது பேச வேண்டுமா என்று டோபியாஸ் கேட்டார். ரோவீனா எழுந்தாள். எழுந்து பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே பேசலாம், ஆனால் அவள் எழுந்துவிட்டாள்.

"ஃபில்லிஸ் ஜூன்ல திரும்பி வராங்க. அவங்க வீடு, வரட்டும். எனக்கும் சந்தோஷம். ஆனா அதுக்கப்புறம் இங்க எனக்கு வீடு இருக்குமான்னு தெரியல. நீங்க கையத் தூக்கறதுக்கு முன்னாடி இது உங்களுக்குத் தெரியணும்."

  வீடு இல்லாத உறுப்பினர் என்றால் என்ன அர்த்தம் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். சிலர் தலையசைத்தார்கள். ரோவீனா உட்கார்ந்துகொண்டாள். ஆல்டன் அவளைப் பார்த்தார். இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது, உடனே அது மறைந்தும் போயிற்று. யாருக்கும் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன டெஸ்மண்டை அவரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அது நல்ல கேள்வி" என்றார் பின்னால் திரும்பி. "ஆனா அது அடுத்த கேள்வி. இப்ப இருக்கற கேள்வி, அந்தக் கேள்விய இவ நம்மகூட உக்காந்து கேக்கலாமா இல்ல பெட்டி கட்டிட்டுத் தனியா யோசிக்கணுமான்றது."

டோபியாஸ் கேட்பதற்கு முன்பே பெர்னிஸ் தன் பச்சையைத் தூக்கிவிட்டாள். டோபியாஸ், இன்னும் நான் கேட்கவே இல்லை என்றார். "அப்போ கேளு" என்றாள். அவர் கேட்டார். அட்டைகள் எழுந்தன. கேள்வி கேட்டவர் கையில் மஞ்சள். அவர் பக்கத்தில் இன்னும் சில மஞ்சள். சிவப்பு எங்கும் இல்லை. ரோவீனா பச்சைகளை எண்ணவில்லை, எண்ண முடியாதபடி கண் மங்கியிருந்தது. லியோனி வந்து, ஏற்கெனவே தயாராக வைத்திருந்த மூன்று அட்டைகளை அவள் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, அந்தப் புதன்கிழமைக்கு மன்னித்துக்கொள் என்று ஒருவழியாகச் சொன்னாள். "இதுக்கா இவ்வளவு பண்ணே?" என்று ரோவீனா கேட்டதில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ரோவீனாவின் வீட்டு விஷயத்தை அடுத்த கூட்டத்தில் முதலாவதாக வைக்கலாமா என்று டோபியாஸ் கேட்டார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான், வைக்கலாம் என்று சொல்ல வேண்டியவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொன்னாள்.

கேலப்பும் மின்னும் ஒருவர் அட்டையை ஒருவர் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டோபியாஸ் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கோழிக்கூடு. ஆல்டன் ஓடைக்கரையில் ஒரு கோழிக்கூடு கட்டப்போகிறார், பன்னிரண்டு கோழிகள், எல்லோருக்கும் முட்டை. யாருக்கும் பெரிய மறுப்பில்லை, சீக்கிரம் முடித்துவிட்டுக் காபிக்குப் போகலாம் என்ற அவசரம் கூடத்தில் தெரிந்தது. பச்சைகள் எழத் தொடங்கின. ரோவீனாவும் பச்சையைத்தான் எடுத்தாள். பிறகு ஓடைக்கரையை நினைத்துப் பார்த்தாள். மருத்துவமனைக்கு, இரவில் கூட்டில் திருட வரும் ரக்கூன் கடித்த கோழிகளைத் துணியில் பொதிந்து கொண்டுவருகிறவர்களை நினைத்துப் பார்த்தாள். அவளுடைய மஞ்சள் அட்டை மேலே போனது.

"சொல்லு ரோவீனா" என்றார் டோபியாஸ்.

சொன்னாள். கூடு ஓடைக்கு அத்தனை பக்கத்தில் இருந்தால் ரக்கூன்கள் வரும் என்றாள். ஆல்டன், நான் வலை போடுவேன் என்றார். எந்த வலை என்றாள். அவர் சொன்ன வலை போதாது என்றாள். மின் அவள் பக்கம் சேர்ந்தாள், லியோனி ஆல்டன் பக்கம் சேர்ந்தாள், முட்டையே சாப்பிடாத ஒருவர் இரண்டு பக்கமும் பேசினார். டோபியாஸ் நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவைத்தும் பேச்சு முடியவில்லை. இடத்தைப் பார்த்துவிட்டே பேசலாம் என்று ஆல்டன் எழுந்தார். எல்லோரும் மழைச்சட்டையின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ஓடைக்கரையில் புல் சேறாகியிருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கூட்டின் சுவர் எங்கே வரும் என்று காட்டுவதற்காக ஆல்டன் இரண்டு கைகளையும் அகல நீட்டி, சுவராகவே நின்றார். முழங்கைகளிலிருந்து நீர் சொட்டியது. ரோவீனா தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் மேல தள்ளுங்க."

அவர் கைகளை மடக்காமல், ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

"இன்னும்" என்றாள்.